பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டு மொழி வரவில்லை, தமிழ்தான் வருகிறது: மூளையில் என்ன நடக்கிறது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பம், ஜவுளிக்கடை. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், கடையில் பகல் முழுக்கத் தமிழ். பள்ளிக்கூடத்தில் சேரும் வரை அவருக்குத் தமிழ் சரியாக வராது என்று அத்தை சொல்வார். சில மாதங்களுக்கு முன் மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம் வந்தது. வலது கை ஓரளவு தேறிவிட்டது. பேச்சு முதலில் சுத்தமாக இல்லை, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஆனால் வருவது தமிழ்.

அத்தை சௌராஷ்டிரத்தில் கேட்டால் புரிகிறது, தலையாட்டுகிறார், கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்கிறார். பதில் மட்டும் தமிழில் வருகிறது, இல்லையென்றால் வாயைத் திறந்து திணறி நிறுத்திவிடுகிறார். நான் தமிழ் வீட்டில் பிறந்து இந்தக் குடும்பத்துக்கு வந்தவள். என்னோடு பேசுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது, அத்தையோடு பேசுவது கஷ்டமாக இருக்கிறது. அத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் மனம் உடைந்திருக்கிறார்.

தாய்மொழிதான் கடைசியாகப் போகும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது பொய்யா? அந்த மொழி அழிந்துவிட்டதா? வருகிற ஸ்பீச் தெரபிஸ்டுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தமிழிலேயே பயிற்சி கொடுத்தால் சௌராஷ்டிரம் இன்னும் பின்னால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பரமக்குடி_நெசவு எழுதியது:

அம்மா, மனதைத் தளரவிடாதீர்கள். என் அண்ணனுக்கும் இதே வியாதி வந்தது, ஆனால் நேர்மாறாக. முதலில் வந்தது நம் பாஷை. தமிழில் கணக்கு எழுதி, தமிழில் வியாபாரம் பேசிய மனிதர், தமிழ் வாயில் வர வெகுநாள் ஆனது. ஒரே ஜாதி, ஒரே பாஷை, ஒரே தொழில். ஒரு வீட்டில் அப்படி, இன்னொரு வீட்டில் இப்படி. ஏன் என்று டாக்டரிடம் கேட்டேன், ஆளுக்கு ஆள் மாறும் என்றார், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் நானும் தெரிந்துகொள்வேன்.

நரம்பியல்_வாசகன் எழுதியது:

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

உங்கள் கேள்விக்கு நூற்றைம்பது வருட வரலாறு இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில் தியோடூல் ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர், பழைய நினைவுகள் ஆழமாகப் பதிந்திருப்பதால் அவையே நோயில் தாக்குப்பிடிக்கும் என்றார். அப்படியானால் முதலில் கற்ற மொழி முதலில் திரும்ப வேண்டும். 1895-ல் ஆல்பெர் பீட்ர் என்ற மருத்துவர் தன் நோயாளிகளைக் கவனித்துவிட்டு வேறு விதமாகச் சொன்னார்: நோய்க்கு முன்னால் எது அதிகம் புழங்கியதோ அதுதான் முதலில் வரும். பரமக்குடி ஐயாவின் அண்ணன் ரிபோ சொன்னபடி, வைகைக்கரையின் மாமனார் ஒருவேளை பீட்ர் சொன்னபடி.

ஆனால் இரண்டு விதிகளும் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தவில்லை. இத்தாலியின் வடகிழக்கே ஃப்ரியூலியன் என்ற வட்டார மொழி இருக்கிறது. வீட்டில் அது, பள்ளியிலும் அலுவலகத்திலும் இத்தாலியன். கிட்டத்தட்ட உங்கள் வீட்டு நிலைமைதான். அப்படிப்பட்ட 20 நோயாளிகளைப் பற்றி ஃபிரான்கோ ஃபாப்ரோ 2001-ல் எழுதினார். 13 பேருக்கு இரண்டு மொழிகளும் ஒரே அளவு பாதிக்கப்பட்டிருந்தன. 4 பேருக்கு இரண்டாம் மொழி அதிகம் பாதிப்பு. மீதி 3 பேருக்கு முதல் மொழி அதிகம் பாதிப்பு. ஆகப் பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே விழுகின்றன, சேர்ந்தே எழுகின்றன. உங்கள் மாமனார் அந்தச் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தவர். அபூர்வம்தான், ஆனால் மருத்துவம் பார்க்காத ஒன்று இல்லை.

இதைவிட நெருக்கமான ஒரு வழக்கு உண்டு. அதுவும் இத்தாலிதான். 1993-ல் அல்யோட்டியும் ஃபாப்ரோவும் எழுதியது. ஒரு வயதான பெண்மணி. வாழ்நாள் முழுக்கப் பேசியது வெரோனா வட்டாரப் பேச்சு. இத்தாலியனைப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்ததோடு சரி, பிறகு மிக அரிதாகத்தான் பேசியிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்தது இத்தாலியன்! வீட்டார் வட்டாரப் பேச்சில் கேட்க, அவர் இத்தாலியனில் பதில் சொன்னார். முதலில் கற்றதும் அதுவல்ல, அதிகம் புழங்கியதும் அதுவல்ல. ரிபோவும் பீட்ரும் சொன்ன இரண்டு விதிகளும் இங்கே உடைகின்றன. சில வருடங்கள் கழித்துச் சோதித்தபோதும் அந்தப் போக்கு மாறவில்லை.

அவருக்கு அடிபட்ட இடம் முக்கியம். பேச்சு என்றால் நாம் நினைக்கும் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, இல்லை. மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா, அதுவும் இடது பக்கத்தில். மிஷெல் பாராடி என்ற மொழியியலாளரின் விளக்கம் இது: தாய்மொழியின் இலக்கணம் நமக்கு யோசிக்காமல் வருகிறது, தறியில் உட்கார்ந்தவர் கைக்கு நாடா ஓடுவது போல. அந்த வகைப் பழக்க நினைவுக்கு பேசல் கேங்லியா தேவை. பிற்காலத்தில் படித்துக் கற்ற மொழி, தெரிந்து வைத்துக்கொள்ளும் நினைவை அதிகம் சார்ந்திருக்கிறது. அதற்கு வேறு பகுதிகள் இருக்கின்றன. ஆகவே உள்ளே ஆழத்தில் அடிபட்டால், யோசிக்காமல் வந்த மொழிதான் அதிகம் தடுமாறலாம்.

உங்கள் மாமனாருக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் அறிக்கையில் எந்த இடம் என்று எழுதியிருப்பார்கள், நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

நல்ல விளக்கம், நன்றி. ஆனாலும் இரண்டு ஆட்சேபணைகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, விசித்திரமான வழக்குகள்தான் ஆய்விதழில் அச்சாகின்றன. இரண்டு மொழியும் சமமாகத் திரும்பிய பாட்டியைப் பற்றி யார் கட்டுரை எழுதப்போகிறார்கள்? ஒரு பெண்மணியை வைத்து மூளையின் அமைப்பைச் சொல்வது ஆபத்து.

இரண்டு, அந்த விளக்கம் இவருக்கு அப்படியே பொருந்தாது. வெரோனா அம்மையார் இத்தாலியனை மிக அரிதாகத்தான் புழங்கினார். இவரோ ஐந்தாறு வயதில் தமிழ் கற்று அறுபது வருடம் அதில் வியாபாரம் செய்தவர். அவருக்குத் தமிழும் யோசிக்காமல் வருகிற மொழிதான். அப்படியிருக்க பேசல் கேங்லியா அடிபட்டால் இரண்டும்தானே தடுமாற வேண்டும்?

நரம்பியல்_வாசகன் எழுதியது:

சார், இரண்டாவது ஆட்சேபணை சரியான இடத்தில் கைவைக்கிறது. அதனால்தான் இன்னொரு விளக்கமும் தேவைப்படுகிறது. நான் அதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

இரண்டு மொழி தெரிந்தவர் ஒன்றைப் பேசும்போது மற்றது தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 1999-ல் ஸ்பைவியும் மரியனும் ரஷ்யனும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை ஒரு மேசை முன் உட்கார வைத்து, கண் அசைவைப் பதிவு செய்தார்கள். தபால்தலைக்கு ரஷ்யனில் 'மார்க்கா'. மேசையில் ஒரு மார்க்கர் பேனாவும் கிடந்தது. முழுக்க ரஷ்யனிலேயே பேசி, தபால்தலையை எடுக்கச் சொன்னால், கண் ஒரு கணம் மார்க்கர் பேனாவுக்கும் ஓடியது. யாரும் ஆங்கிலம் பேசவில்லை, ஆனாலும் ஆங்கிலம் உள்ளே விழித்திருந்தது. 2007-ல் தியரி, வூ இருவரும் சீனர்களிடம் ஆங்கிலச் சொற்களை மட்டும் காட்டி மூளை மின்னலைகளை அளந்தார்கள். சீன மொழிபெயர்ப்பில் ஒரே எழுத்து வரும் சொல்லிணைகளுக்கு மூளை வேறு மாதிரி எதிர்வினை காட்டியது. பங்கெடுத்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

இரண்டும் எப்போதும் விழித்திருந்தால் ஒன்றைப் பேச மற்றதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். டேவிட் கிரீன் 1998-ல் முன்வைத்த கருத்து இது. அப்புறம் ஜூபின் அபுதலபியும் அவரும் சேர்ந்து, இந்தப் பிடித்து வைக்கும் வேலையில் நெற்றிப் பக்கப் புறணி, மூளையின் நடுப்பக்கத்தில் இருக்கும் ஆன்டீரியர் சிங்குலேட், இடது காடேட் எல்லாம் ஈடுபடுவதாக எழுதினார்கள். காடேட், பேசல் கேங்லியாவின் ஒரு பகுதி. அதாவது அதே ஆழமான இடம், ஆனால் இம்முறை மொழியின் கிடங்காக இல்லை, எந்த மொழிக்கு வழிவிடுவது என்று முடிவு செய்யும் இடமாக.

இன்னொன்றும் கவனியுங்கள். மியூட்டரும் ஆல்போர்ட்டும் 1999-ல் எண்களைப் படிக்கவைத்தார்கள், மாறி மாறி இரண்டு மொழியில். பலவீனமான மொழிக்கு மாறுவது கடினம் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு: பலமான மொழிக்குத் திரும்பும்போதுதான் அதிகத் தாமதம். பலமானதை அழுத்தித்தான் வைக்க முடியும், அழுத்தியதை விடுவிக்க நேரம் பிடிக்கிறது. விடுவிக்கும் பொறி பழுதானால் பலமான மொழியே வெளியே வராமல் நிற்கலாம். இது என் ஊகம், ஆனால் தரவுக்கு முரணான ஊகம் இல்லை.

"அழிந்துவிட்டதா" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த வலுவான பதில், பாராடியும் சக ஆய்வாளர்களும் 1982-ல் எழுதிய ஒரு கன்னியாஸ்திரியின் வழக்கு. மொராக்கோவில் குழந்தைகளுக்குச் செவிலியராக இருந்தவர். பிரெஞ்சும் அரபும் நன்றாகத் தெரியும். விபத்தில் தலையில் அடி. அதற்குப் பிறகு ஒரு நாள் அரபு நன்றாக வரும், பிரெஞ்சு வராது. இன்னொரு நாள் பிரெஞ்சு வரும், அரபு வராது. அதைவிட ஆச்சரியம், தானாகப் பேச முடியாத மொழிக்கு மொழிபெயர்க்கச் சொன்னால் செய்தார். அழிந்துபோன மொழி மறுநாள் வந்து நிற்காது. இருக்கிறது, எட்டவில்லை. உங்கள் மாமனார் அத்தை சொல்வதைப் புரிந்து, கேட்டதை எடுத்துக் கொடுக்கிறார் என்று எழுதினீர்களே, அதுவும் அந்தப் பக்கம்தான் காட்டுகிறது.

ஸ்கார்பரோ_மகள் எழுதியது:

வைகைக்கரை அக்கா, உங்கள் பதிவை வாசித்து அழுதுவிட்டேன். எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர், இங்கே கனடாவுக்கு வந்தும் ஆங்கிலத்தில் நன்றாகக் கதைப்பார். போன வருடம் ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு, புரிதலே மிகவும் குறைவு என்று எழுதினார்கள். நான் தமிழில் கேட்க எல்லாவற்றையும் காட்டினார். மேசை எது, கதவு எது, நேற்று யார் வந்தது, எல்லாம். அதன் பிறகு சண்டை பிடித்துத் தமிழில் மறுபடி சோதிக்க வைத்தோம். முடிவு நிறைய மாறியது. பராமரிப்புத் திட்டமே மாறியது. தயவுசெய்து இரண்டு மொழியிலும் சோதிக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

பேச்சுப்பயிற்சி_கோவை எழுதியது:

நான் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். ஸ்கார்பரோ தங்கை சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் பாதி நோயாளியைத்தான் பார்க்கிறோம். இதற்காகவே இருமொழியாளர்களுக்கான பேச்சிழப்புச் சோதனையை பாராடி 1987-ல் வெளியிட்டார், பிறகு பல பத்து மொழிகளில் தயாரானது. ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாக அளப்பது, அப்புறம் மொழிபெயர்ப்பையும் பார்ப்பது அதன் சிறப்பு.

வைகைக்கரை அக்காவின் பயத்துக்கு வருகிறேன். தமிழில் பயிற்சி கொடுப்பதால் சௌராஷ்டிரம் பின்னால் போகும் என்று பயப்படத் தேவையில்லை. ஒரு மொழியில் கொடுத்த பயிற்சியின் பலன் மற்ற மொழிக்கும் கொஞ்சம் கசிவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன, எல்லோருக்கும் அல்ல என்றாலும். எட்மண்ட்ஸும் கிரணும் 2006-ல் ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் 3 பேரிடம் செய்த சிறிய ஆய்வு எனக்குப் பிடித்தமானது. பலவீனமான மொழியில் சொற்களைப் பயிற்றுவித்தபோது பலமான மொழிக்கும் பலன் போனது. 3 பேர்தான், கணக்கு சார் திட்டுவார், ஆனால் வேலை செய்யும் இடத்தில் நான் அதை வைத்து நிறையச் செய்திருக்கிறேன்.

பயிற்சி சொல்லை விட்டுப் பொருளைப் பிடிக்க வேண்டும் என்பது முக்கியம். 'பானை' என்று சொல்லச் சொல்லி நூறு முறை வற்புறுத்துவதைவிட, அது எதற்கு, எங்கே இருக்கும், எதனால் செய்தது, எப்படி இருக்கும் என்று சுற்றிச் சுற்றிக் கேட்பது. பொருள் இரண்டு மொழிக்கும் பொது. அங்கே தட்டினால் இரண்டு பக்கமும் அதிரும். அத்தை இதைச் சௌராஷ்டிரத்தில் செய்யலாம், தெரபிஸ்ட் தமிழில் செய்யலாம். அதே பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களிலிருந்து தொடங்குங்கள். சௌராஷ்டிரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்கள் நிறையக் கலந்திருக்கின்றன. ஒலி ஒத்துப்போகும் சொற்கள் பேச்சிழப்பு உள்ளவர்களுக்குச் சீக்கிரம் வருவதை நானே பல முறை பார்த்திருக்கிறேன்.

பரமக்குடி_நெசவு எழுதியது:

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அண்ணனுக்குப் பேச்சே வராதபோது பஜனையில் உட்கார வைத்தோம். நம் பாஷைக் கீர்த்தனையை முழுக்கப் பாடினார். அடுத்த நிமிடம் தண்ணீர் கேட்க வாய் வரவில்லை. பாட்டு எங்கே இருக்கிறது, பேச்சு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குப் புரியவே இல்லை. உங்கள் மாமனாருக்குப் பஜனைப் பழக்கம் உண்டா அம்மா?

வைகைக்கரை எழுதியது:

உண்டு ஐயா! மார்கழி பஜனைக்குத் தவறாமல் போவார். நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. அத்தையிடம் இப்போதே சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி. இந்த வாரம் இரண்டையும் கலக்க ஆரம்பித்திருக்கிறார். தமிழில் ஆரம்பித்து நடுவில் ஒரு சௌராஷ்டிரச் சொல், மறுபடி தமிழ். என் கணவர் "அப்பா, ஒரே பாஷையில் சொல்லுங்கள்" என்று திருத்துகிறார். குழப்பம் அதிகமாகிறதோ என்று அவருக்குக் கவலை. திருத்துவது சரியா?

பேச்சுப்பயிற்சி_கோவை எழுதியது:

ஐயோ, திருத்த வேண்டாம் அக்கா. சௌராஷ்டிரச் சொல் வருகிறது என்றால் கொண்டாடுங்கள். பரமக்குடி ஐயா சொன்ன பாட்டு விஷயமும் பேச்சிழப்பில் அடிக்கடி பார்ப்பதுதான். எண்ணுவது, கிழமைகள், மனப்பாடமான பிரார்த்தனை, பாட்டு இவை தானாக ஓடும், சொந்தமாக வாக்கியம் கட்டும் திறமை போனபிறகும். அதைத் தொடக்கமாக வைத்து மெல்லப் பேச்சுக்கு வரலாம்.

நரம்பியல்_வாசகன் எழுதியது:

கலப்பைப் பற்றி நானும் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதைப் பிழை என்றே பார்க்கிறோம். எஸ்தி பிளாங்கோ-எலோரியெட்டா, லீனா பில்கனென் இருவரும் 2017-ல் அரபும் ஆங்கிலமும் பேசுபவர்களின் மூளையை அளந்தார்கள். சோதனைக்காரர் நிறத்தைக் காட்டி "இப்போது மாற்று" என்று கட்டளையிட்டால் மூளையின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் கடுமையாக உழைத்தன. பேசுபவர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டபோது அந்த உழைப்பு குறைந்துவிட்டது.

2018-ல் அவர்களே கேரன் எம்மரேயோடு சேர்ந்து சைகை மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் போனார்கள். இவர்களால் கையாலும் வாயாலும் ஒரே சமயம் இரண்டு மொழி பேச முடியும், அதனால் ஒரு மொழியை நிறுத்துவதையும் ஒன்றைத் தொடங்குவதையும் பிரித்து அளக்க முடிந்தது. தொடங்குவதற்குப் பெரிய செலவு இல்லை, நிறுத்துவதற்குத்தான் செலவு.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். "ஒரே பாஷையில் சொல்லுங்கள்" என்றால், அடிபட்ட மூளையிடம் அதற்கு மிகவும் கஷ்டமான வேலையைச் செய்யச் சொல்கிறோம். கலந்து பேச விட்டால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பார்.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

இந்த 2018 ஆய்வு எனக்குப் புதிது, நன்றாக வடிவமைத்திருக்கிறார்கள். பொதுவாக ஒரு கேள்வி: இரண்டு மொழி தெரிந்தால் மூளைக்குப் பாதுகாப்பு என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, பக்கவாதத்துக்கும் அது பொருந்துமா? மறதி நோயில் நியூயார்க்கில் 1,067 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த 2014 ஆய்வு அப்படி எதுவும் இல்லை என்றது.

நரம்பியல்_வாசகன் எழுதியது:

சண்டை தீராத இடம் இது சார். மறதி நோயில் ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழு 648 நோயாளிகளைப் பார்த்து, இருமொழியாளர்களுக்கு அறிகுறிகள் சராசரியாக 4.5 வருடம் தள்ளி வந்ததாக 2013-ல் எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது, அதனால் படிப்பின் பலன் என்று ஒதுக்க முடியவில்லை. இதே பலனைச் சொன்ன முந்தைய கனடா ஆய்வுகளில் இருமொழியாளர் பெரும்பாலும் புலம்பெயர்ந்தவர் என்ற சிக்கல் உண்டு. ஹைதராபாத்தில் அது இல்லை, அங்கே பிறந்தவர்களே இரண்டு மூன்று மொழி பேசுகிறார்கள். ஆனால் நியூயார்க் ஆய்வு ஆட்களை முன்கூட்டியே சேர்த்துத் தொடர்ந்தது, அந்த முறை வலுவானது. நான் இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லத் தயாராக இல்லை.

பக்கவாதத்துக்கு அதே குழு 2016-ல் 608 பேரைப் பார்த்தது. நோய்க்குப் பிறகு யோசிக்கும் திறன் இயல்பாக இருந்தவர்கள் இருமொழியாளரில் 40.5 சதவீதம், ஒரு மொழியாளரில் 19.6 சதவீதம். ஆனால் பேச்சிழப்பு வந்தவர்களின் விகிதம் இரண்டு கூட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது இரண்டாவது மொழி பேச்சைக் காப்பாற்றவில்லை. கவனம், திட்டமிடல் போன்றவற்றுக்கு உதவியிருக்கலாம்.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

சரி, ஏற்கிறேன். வைகைக்கரை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் போடுங்கள். யார் பேசினார்கள், எந்த மொழியில், அவர் எந்த மொழியில் பதில் சொன்னார் என்று மூன்று பத்தி மட்டும். உங்களோடு தமிழ் சுலபமாக வருவது மொழியாலா, ஆளாலா என்று இப்போது சொல்ல முடியாது. அத்தை ஒரு நாள் முழுக்கத் தமிழில் பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேச்சுப்பயிற்சி_கோவை எழுதியது:

அருமையான யோசனை சார். நாலாவதாக ஒரு பத்தியும் சேருங்கள் அக்கா: அப்போது களைப்பாக இருந்தாரா, காலையா மாலையா. களைத்தால் மொழிக் கட்டுப்பாடும் தளரலாம். பஜனைப் பாட்டில் எந்த வரி வரை தானாகப் போகிறார், எங்கே நிற்கிறார் என்பதையும் தனியாகக் குறியுங்கள். அந்த நோட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் அடுத்த முறை தெரபிஸ்டிடம் காட்டுங்கள். சௌராஷ்டிரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். தெரபிஸ்ட் படத்தைக் காட்டட்டும், கேள்வியை அத்தை கேட்கட்டும்.